‘பார்த்தா அப்படித் தெரியலையே!’ – மறைத்துப் பழகும் ஆட்டிசம்

வகுப்பில் இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு சமத்து என்பார் டீச்சர். அதே பிள்ளை நாலேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவை வீசும், சீருடையைப் பிய்த்தெறியும், யாரோ டம்ளரை வைத்த சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும். பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: ‘ஸ்கூல்ல ஒழுங்கா இருக்கத் தெரியுதுல்ல? உங்ககிட்ட மட்டும் ஆட்டம் காட்டுறான். செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க.’ தாய்மேல் பழி விழும், பேச்சு அதோடு முடியும். காலை எட்டரையிலிருந்து அந்தப் பிள்ளை அடக்கி வைத்த அத்தனையும், அடக்கத் தேவையில்லாத ஒரே இடத்தில் வெளியே வந்திருக்கிறது என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆட்டிச நிலையில் இருக்கும் பிள்ளைகள் பலர் பள்ளி வயதிலேயே கற்றுக்கொள்ளும் இந்த அடக்கலை ஆய்வாளர்கள் மாஸ்கிங் என்கிறார்கள். இங்கே மறைப்பு என்றே சொல்லலாம். மறைப்பு நன்றாகக் கைவந்தவர்களுக்குத்தான் ‘ஹை ஃபங்ஷனிங்’ என்ற பட்டம் கிடைக்கிறது. அந்தப் பட்டம் எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

‘ஹை ஃபங்ஷனிங்’ எந்த மருத்துவக் கையேட்டிலும் தனி நோயறிதலாக இருந்ததில்லை. பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசக் கூறுகள் கொண்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதியது 1943இல். வியன்னாவில் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியது அதற்கு அடுத்த ஆண்டு. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவர் லோர்னா விங், நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் ஆட்டிசக் கூறுகள் உள்ளவர்களுக்கு ஆஸ்பெர்கரின் பெயரைச் சூட்டினார். அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு 1994இல் அதைச் சேர்த்தது, 2013இல் எடுத்தும்விட்டது. இப்போது எல்லோருக்கும் ஆட்டிசம் என்ற ஒரே பெயர், அதற்குள் எவ்வளவு உதவி தேவை என்பதைப் பொறுத்து மூன்று நிலைகள். ‘ஹை ஃபங்ஷனிங்’ மட்டும் பேச்சுவழக்கில் தங்கிவிட்டது. நடைமுறையில் அதன் பொருள், பேச்சு வருகிறது, அறிவுத்திறன் மதிப்பெண் 70க்குக் குறையவில்லை, அவ்வளவுதான். குளிப்பது, சமைப்பது, பேருந்து மாறிப் போவது, வங்கியில் ஒரு படிவம் நிரப்புவது பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,225 பிள்ளைகளின் தரவை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, அறிவுத்திறன் மதிப்பெண்ணிலிருந்து அன்றாடச் செயல்திறனைச் சரியாக ஊகிக்க முடியாது, அந்தப் பெயரைக் கைவிடுவதே நல்லது என்று முடித்தது. +2வில் 600க்கு 550க்கு மேல் வாங்கிய பிள்ளைக்குத் தனியாக ரயிலேறத் தெரியாததில் முரண் எதுவும் கிடையாது. இரண்டும் வெவ்வேறு திறன்கள்.

மறைப்பு எதனால் ஆனது?

2017இல் லண்டனில் இருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, 92 ஆட்டிச நிலைப் பெரியவர்களிடம் என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், செய்தபின் என்ன ஆகிறது என்று கேட்டது. அதிலிருந்து பிறந்த 25 கேள்விகள் கொண்ட அளவுகோல் மறைப்பை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது ஈடுகட்டல்: இயல்பாக வராததை மனப்பாடம் செய்து நிரப்புவது. இரண்டாவது மூடல்: இயல்பாக வருவதை வெளியே காட்டாமல் வைப்பது. மூன்றாவது கலந்துபோதல்: பிடிக்காவிட்டாலும் கூட்டத்தில் ஒருவராக நடிப்பது.

ஈடுகட்டலில் நுணுக்கங்கள் ஏராளம். கண்ணைப் பார்க்க முடியாதவர் புருவ நடுவைப் பார்ப்பார். எதிரில் இருப்பவர் பொட்டு வைத்திருந்தால் வேலை சுலபம். மூன்று நொடி பார்வை, பிறகு சற்று விலக்கல், மறுபடி மூன்று நொடி என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் சிரித்த அரை நொடி கழித்துச் சிரிப்பார். தான் பேசுவதைக் குறைக்க எதிராளியிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், அதனால் ‘நல்லாக் கேட்டுக்குவா’ என்ற பெயரும் கிடைக்கும். தொலைபேசி பேசும் முன் நோட்டில் வசனம் எழுதி வைப்பார். நம் ஊர்த் தொலைபேசிப் பேச்சில் அந்த வசனம் கவிழும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: எல்லாம் பேசி முடித்த பிறகு வரும் ‘அப்புறம்…?’ அது கேள்வி இல்லை, பேச்சை முடிக்கப்போகும் அறிகுறி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அப்புறம் என்ன நடந்தது என்று தேடிச் சொல்ல ஆரம்பிப்பார்.

சொன்னதும் பொருளும் வேறாக இருக்கும் இடங்கள் தமிழ்ப் பேச்சில் நிறைய உண்டு. ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, திரும்பி வரும் எண்ணமே இல்லாவிட்டாலும் ‘போயிட்டு வர்றேன்’ சொல்ல வேண்டும். ‘சாப்பிட்டியா?’ என்பது பல நேரம் வணக்கத்துக்குச் சமம். ‘இருங்க, சாப்பிட்டுப் போங்க’ என்றால் முதல் தடவையே உட்காரக் கூடாது. எத்தனையாவது தடவை உட்காரலாம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போதே முன்பின் பார்க்காத ஒருவர் கன்னத்தைக் கிள்ளி, ‘நான் யாருன்னு சொல்லு பாப்போம்’ என்பார். முகங்களை நினைவில் வைப்பது ஆட்டிச நிலையில் பலருக்குக் கடினம். ஆகவே சேலை நிறம், மூக்குத்தி, குரல் என்று தனிக் குறிப்பு வைத்திருப்பார்கள். உறவுக்காரர் சேலை மாற்றிக்கொண்டு வந்ததும் குறிப்பு பொய்த்துப் போகும்.

மூடலில் மிகுதியாகப் பலியாவது ஸ்டிம்மிங். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவை, அளவுக்கு மீறி வரும் ஒலி ஒளியையும் மனக்கலக்கத்தையும் உடம்பு தானாகச் சமன்செய்யும் வழி. ‘கையக் கட்டு, வாயில விரல வை’ என்று வளரும் வகுப்பறையில் அதற்கு இடமில்லை. தடுத்தால் அது நின்றுவிடுவதில்லை, இடம் மாறுகிறது. ஷூவுக்குள் கால்விரலை மடக்குவது, பாக்கெட்டுக்குள் நகத்தைச் சதையில் அழுத்துவது, கன்னத்தின் உட்புறத்தைக் கடிப்பது, நகக்கண் தோலை உரிப்பது. பார்ப்பவர் கண்ணுக்கு அமைதி, பிள்ளையின் உடம்பில் புண். உதறும் கையால் யாருக்கும் காயமில்லை. தடுத்த பிறகுதான் காயம் வருகிறது. இந்த ஒன்றையாவது பள்ளிகள் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி சிகிச்சை அறைகளில் இருந்தும் வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிச நிலையில் இருந்த 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேர நடத்தைப் பயிற்சி தரப்பட்டது. அவர்களில் 9 பேர் இயல்பு நிலையை எட்டினார்கள் என்றார். எட்டியதை எதை வைத்து முடிவுசெய்தார்கள்? அறிவுத்திறன் மதிப்பெண், சாதாரண முதல் வகுப்பில் சேர்ந்து தேறியது. உள்ளே அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்தது என்பதற்கு அளவுகோல் இல்லை. மற்ற பிள்ளைகளில் இருந்து பிரித்தறிய முடியாதபடி ஆக்குவதே வெற்றி என்ற எண்ணம் அதன்பின் உலகெங்கும் பரவியது. இன்றும் பல பெற்றோர் சிகிச்சையாளரிடம் முதலில் கேட்பது ‘நார்மல் ஸ்கூல்ல சேத்துடலாமா?’ என்றுதான். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட இலக்கே அதுதான்.

பெண்குழந்தைகள் விஷயத்தில் மறைப்புக்குப் பரிசே கொடுக்கிறோம். வாய் திறக்காத, ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும், எல்லோருக்கும் தலையாட்டும் பெண் ‘அடக்கமான பொண்ணு’. அவளை எதற்காக மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள்? ஆண் பெண் விகிதம் நான்குக்கு ஒன்று என்று வெகுகாலம் சொல்லிவந்ததை 2017இல் வந்த தொகுப்பாய்வு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்று திருத்தியது. நோயறிதல் பெற்றவர்களை மட்டும் எண்ணாமல் மக்களிடையே தேடிப் பார்த்த ஆய்வுகளில் பெண்கள் கூடுதலாகக் கிடைத்தார்கள்.

ஏன் இவ்வளவு களைப்பு?

மற்றவர்களுக்குத் தானாக நடப்பதை இவர்கள் கவனம் செலுத்திச் செய்கிறார்கள். மாடியேறும்போது ஒவ்வொரு படியையும் எண்ணி, எந்தக் காலை எப்போது தூக்குவது என்று யோசித்து ஏறினால் பத்தாவது படியிலேயே தடுமாறுவோம். பேச்சில் இவர்களுக்கு அந்த நிலைதான். பார்வை, முகபாவம், குரலின் ஏற்றம், கை வைக்கும் இடம், அடுத்து சொல்ல வேண்டிய வசனம் எல்லாம் ஒரே கவனத்தில் இருந்து பங்கு கேட்கின்றன. மீதி இருப்பதுதான் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்க. ‘என் கண்ணப் பாத்துப் பதில் சொல்லு’ என்று ஆசிரியர் அதட்டினால் பிள்ளை கண்ணைப் பார்க்கும். கேள்வி காதில் விழுந்திருக்காது. பிறகு ‘கவனமே இல்ல’ என்று டயரியில் எழுதி அனுப்புவார்கள்.

இத்தனை உழைத்தும் மறைப்பு முழுதாக மறைப்பதில்லை. 2017இல் உளவியல் ஆய்வாளர் நோவா சாசனும் சகாக்களும் நடத்திய ஆய்வில், ஆட்டிச நிலையாளர்கள் பேசும் சில நொடிக் காட்சியைப் பார்த்தவர்கள் அவர்களோடு பழக அவ்வளவு விருப்பம் காட்டவில்லை. அதே பேச்சை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. பேசிய விஷயத்தில் குறையே இல்லை. 2012இல் சமூகவியலாளர் டேமியன் மில்டன் முன்வைத்த கருத்தும் இதையொட்டியதுதான்: புரிதல் தவறுவது இரு பக்கமும். 2020இல் வந்த ஒரு சோதனையில் 8 பேரை வரிசையாக நிறுத்தி ஒரு கதையைக் காதுக்குக் காது கடத்தச் சொன்னார்கள். எல்லோரும் ஆட்டிச நிலையாளர்களாக இருந்த வரிசையும், ஒருவருமே அப்படி இல்லாத வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு கடத்தின. கலந்து நின்ற வரிசையில்தான் கதை தேய்ந்தது.

களைப்பு மூன்று விதமாக வெளிப்படும்; மூன்றையும் குழப்பிக்கொள்வதால் தவறான வைத்தியம் நடக்கிறது. மெல்ட்டவுன் என்பது வெடிப்பு: அலறல், அழுகை, பொருளை வீசுவது. பிடிவாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காண வழியுண்டு. கேட்டதைக் கொடுத்தாலும் மெல்ட்டவுன் நிற்காது, யாரும் பார்க்காவிட்டாலும் தொடரும். ஷட்டவுன் என்பது உறைந்துபோவது: பேச்சு வராது, கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது. இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. மூன்றாவது பர்ன்அவுட். மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பு, ஏற்கெனவே இருந்த திறன் கைநழுவுவது, ஒலி ஒளியைத் தாங்கும் சக்தி குறைவது, இந்த மூன்றும் சேர்ந்தது என்று 2020இல் வந்த ஆய்வு வரையறுத்தது; மூன்று மாதமோ அதற்கு மேலோ நீளும். மன அழுத்த நோய் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, ‘வெளிய போ, நாலு பேரோட பழகு’ என்று அனுப்பினால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் களைப்புக்குக் காரணமே அந்த நாலு பேர் நடுவில் நடித்ததுதான். மன அழுத்தம் கூடவே இருக்கவும் கூடும்; அப்போது இரண்டுக்கும் தனித்தனியாகக் கவனிப்பு வேண்டும். மறைப்பு கூடக் கூடத் தற்கொலை எண்ணமும் கூடுவதை 2018இல் சாரா காசிடியின் குழு கண்டது. அப்படியான எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்க வேண்டாம்: மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104.

பர்ன்அவுட் தலைகாட்டும் பருவம் ஒன்று உண்டு. பள்ளிக்கு மணி அடிக்கும், கால அட்டவணை இருக்கும், சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆள் இருக்கும். +2 முடிந்து ஹாஸ்டலுக்குப் போனதும் இந்த முட்டுக்கொடுத்தல் ஒரே வாரத்தில் போய்விடும். அறையில் மூன்று பேர், மெஸ்ஸில் முந்நூறு தட்டுச் சத்தம், நடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார ஓர் இடமில்லை. வீட்டில் இருந்தவரை நாலேகாலுக்கு வடிகால் இருந்தது, இப்போது அது 24 மணி நேரமும் அடைபட்டிருக்கிறது. முதல் செமஸ்டரில் தோல்வி, அடுத்து அறையைவிட்டு வராமை, அடுத்து ‘என்ன ஆச்சு இவனுக்கு, நல்லாத்தானே இருந்தான்?’

வீட்டிலும் பள்ளியிலும் செய்யக்கூடியது

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போட வேண்டும். நான்கு கட்டம் போதும்: எங்கே இருந்தான், எவ்வளவு நேரம், வெளியே எப்படி இருந்தான், வீடு திரும்பிய பின் இயல்புக்கு வர எத்தனை நிமிடம் பிடித்தது. நான்காவது கட்டம்தான் முக்கியம், அதைத்தான் யாரும் குறிப்பதில்லை. சாதாரண நாளில் 40 நிமிடம், ஆண்டுவிழா ஒத்திகை நாளில் மூன்று மணி நேரம் என்று வந்தால், அவன் சக்தி எங்கே செலவாகிறது என்று தெரிந்துவிடும்.

வீடு திரும்பியதும் ஒரு மணி நேரமாவது கேள்வி இல்லாத நேரம் வேண்டும். உடை மாற்றி, பழகிய பண்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, விளக்கைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். ஒரே வீடியோவைப் பத்தாவது தடவை பார்த்தால் பார்க்கட்டும். ‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?’ என்ற கேள்விக்கு ஒரு பகல் முழுவதையும் தொகுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ‘லஞ்சுல யார் பக்கத்துல உக்காந்த?’ என்று கேட்டால் பதில் வரும். அடிக்கடி நடக்கும் தவறு, ஐந்து மணிக்கே டியூஷனுக்கோ அபாகஸுக்கோ இந்தி வகுப்புக்கோ அனுப்பிவிடுவது. அங்கேயும் சமத்தாக இருப்பான். ஒன்பது மணிக்கு வெடிப்பான், அல்லது ராத்திரி தூக்கம் கெடும்.

பள்ளியில் கேட்க வேண்டியவை செலவில்லாதவை. சுவர் ஓரம், முன்வரிசை மூலையில் இடம். பிரேயரில் வரிசையின் கடைசி. கேட்காமலே கழிவறைக்குப் போய்வர அனுமதி. பசி, சிறுநீர் உணர்வு தாமதமாகத் தெரிவது ஆட்டிச நிலையில் சகஜம், தெரியும்போது அவசரமாகத் தெரியும். நாளைக்கு வகுப்பு மாறுகிறது என்றால் இன்றே ஒரு வரி. கண்ணைப் பார்க்கச் சொல்லாமை. இவற்றைப் பத்து வரிக் கடிதமாக எழுதினால் மேசை இழுப்பறைக்குள் போகும். ஐந்து வரியில் எழுதி டயரியின் முதல் பக்கத்தில் ஒட்டினால், மாற்று ஆசிரியரும் படிப்பார்.

பெரியவர்கள் மறைப்பைக் களைய நினைத்தால் ஒரே நாளில் முடிவெடுத்துக் களைவதில் ஆபத்துண்டு. வேலை போகலாம், உறவு அதிரலாம். தன்னிடம் எது நடிப்பு, எது இயல்பு என்றே தெரியாத குழப்பம் பலருக்கு வரும். வீட்டில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பழக்கம், அதற்கு இரண்டு வாரம் வரை என்பது நல்ல அளவு. கண்ணைப் பார்த்துப் பேசுவதை முதலில் விடுவது லாபம்: சேமிப்பு அதிகம், எதிராளி கவனிப்பது குறைவு, கையில் ஒரு பேனாவும் நோட்டும் இருந்தால் குனிந்து குறிப்பெடுப்பதாகவே தோன்றும். தொலைபேசி வசனத்தை விட வேண்டிய அவசியமே இல்லை, அது கருவி.

சான்றிதழ் பெறப் போகும்போது

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படும் இசா (ISAA) என்ற ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் ஆறு பிரிவுகளில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், அந்த நடத்தை எவ்வளவு அடிக்கடி காணப்படுகிறது என்பதை வைத்து: 20 விழுக்காட்டு நேரத்துக்குள் என்றால் 1, 21 முதல் 40 வரை 2, இப்படி. கூட்டுத்தொகை 70ஐத் தொடாவிட்டால் ஆட்டிசம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 29 கேள்விகளுக்கு 2, மீதி 11க்கு 1 என்றால் 69. காணப்படுவதை எண்ணும் கருவி இது. காணவிடாமல் செய்வதையே வாழ்நாள் உழைப்பாகக் கொண்டவர் இதில் தவறிப்போவது எளிது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் போன்ற உரிமைகள் உண்டு. ஆனால் வாசலே அந்த மதிப்பெண்தான்.

ஆகவே தயார் செய்துகொண்டு போக வேண்டும். ஐந்து வயதுக்கு முந்திய காணொளிகள், பழைய ரிப்போர்ட் கார்டுகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், குழந்தைப் பருவத்தைப் பார்த்த அம்மாவோ பாட்டியோ சித்தியோ ஒருவர், இரண்டு வார நோட்டு. அமெரிக்கக் கையேடும் 2013 பதிப்பிலேயே அறிகுறிகள் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறது, அதைச் சுட்டிக்காட்டலாம். அறைக்குள் நுழைந்ததும் மறைப்பு தானாக வேலைசெய்யத் தொடங்கிவிடும், அதனால் வாய்ப் பதிலை நம்பிப் போகக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் ‘செய்கிறேனா’ என்பதோடு ‘எப்படிச் செய்கிறேன், பிறகு என்ன ஆகிறது’ என்பதையும் முன்கூட்டி எழுதிக்கொள்ளலாம். ‘நண்பர்கள் உண்டா?’ என்றால் ‘உண்டு’ என்பதோடு நிறுத்தினால் அங்கே ஒரு மதிப்பெண் போகும். ‘இரண்டு பேர். அவர்கள் அழைத்தால் போவேன், நானாக அழைத்ததில்லை. பேச வேண்டியதை முந்தைய இரவு எழுதி வைப்பேன். திரும்பி வந்தால் மறுநாள் மதியம் வரை பேச்சு வராது’ என்பது முழுப் பதில். தாளை இரண்டு படி எடுத்து, ஒன்றை உளவியலாளரின் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.